அக்காவின் பௌதிகவியல் புத்தகம்

பிரான்காச்சோ, பலெர்மோ
4 செப்டெம்பர் 2025

அக்காவுக்கு,

நலமா என்று தொடங்கினால் நீங்கள் சிரிப்பீர்கள். என்னை வாட்ஸ்அப்பில் தடுத்து வைத்திருப்பவரிடம் நலம் கேட்க எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் இத்தாலியனில்தான் எழுதத் தொடங்கினேன். ஐந்தாவது வரியிலேயே சண்டை வந்துவிட்டது. தமிழில் என்றால் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுக்கவேண்டியிருக்கிறது, தேடுகிற நேரத்தில் கோபம் கொஞ்சம் ஆறுகிறது. தமிழ்ப் பாடசாலையில் வருடம் வருடமாகக் கடிதம் எழுதப் பழக்கியது கடைசியில் இதற்குத்தான் உதவியிருக்கிறது.

மருத்துவ வகுப்புகள் திங்கட்கிழமை தொடங்கிவிட்டன. இந்த வருடம் நுழைவுத் தேர்வு இல்லை. விரும்பியவர்கள் எல்லாரும் சேரலாம், உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் படித்து நவம்பரில் எழுதலாம், தேறியவர்களில் முன்னுக்கு நிற்பவர்கள் மட்டும் உள்ளே போகலாம். இது உங்களுக்குத் தெரியாத கதையா? இதை வைத்துத்தானே ஓகஸ்டில் சாப்பாட்டு மேசையில் அவ்வளவும் நடந்தது. நீங்கள் “ஒரு வருஷம் பொறு” என்றீர்கள். நான் ஜூலையிலேயே சேர்ந்துவிட்டேன் என்றேன். நீங்கள் கோபித்துக்கொண்டு அடுத்த நாளே பொலோஞ்ஞாவுக்கு ரயில் ஏறிவிட்டீர்கள், அம்மா கட்டி வைத்த மிளகாய்த்தூளைக்கூட எடுக்காமல்.

இப்போது நான் கேட்க வந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் புஸ்பவதி அன்ரி என்னைக் கட்டிப்பிடித்து, “கேசி, ஃபார்மாச்சியா கிடைச்சிட்டுதாம். நல்லது பிள்ளை, பொம்பிளைப் பிள்ளையளுக்கு அளவான படிப்பு” என்றார். மருத்துவத்துக்குச் சேர்ந்த எனக்கு மருந்துக்கடைப் படிப்பா என்று நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அம்மா பக்கத்தில் நின்று பூத்தட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை. பஸ்ஸில் கேட்டால், “சனம் ஆயிரம் கதைக்கும். நீ உன்ரை படிப்பைப் பார்” என்கிறார்.

தேறாவிட்டால் போவதற்கு ஒரு இரண்டாவது படிப்பைக் குறிக்கச் சொன்னார்கள். நான் குறித்தது உயிரியல். ஃபார்மாச்சியா என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒரே ஒருவர்தான் சொன்னார். “ஃபார்மாச்சியாவில இருந்துகொண்டு ஆறுதலாப் படி” என்று சொன்னது யார் அக்கா?

யாரிடம் என்ன சொன்னீர்கள்? எப்போதும் லவுட்ஸ்பீக்கரில் போட்டு முழு மாடிக்கும் கேட்கக் கதைக்கிற அம்மா, ஞாயிறுகளில் உங்கள் அழைப்பு வந்தால் மட்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பல்கனிக்குப் போகிறார். கதவையும் சாத்திக்கொள்கிறார். அங்கே என்ன முடிவு எடுக்கிறீர்கள் இரண்டு பேரும்?

கேசிகா


பொலோஞ்ஞா
11 செப்டெம்பர் 2025

கேசி,

கடிதம் வந்தது. எழுத்துப் பிழை குறைவு. சந்தேகம்தான் கூட.

புஸ்பவதி அன்ரியின் நம்பர் என்னிடம் இல்லை. இருந்தாலும் உன் படிப்பைப் பற்றி அவவோடு கதைக்கிற அளவுக்கு எனக்கு இங்கே நேரமும் இல்லை. வார்டில் இரண்டு தாதிமார் லீவில் நிற்கிறார்கள். ஃபார்மாச்சியாவை நான் ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன். உதாரணம் கால் முளைத்துக் கோயிலுக்குப் போனதற்கு நான் பொறுப்பில்லை.

நான் கோபித்துக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறாய். நீ கேட்டதை மட்டும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். “ரெண்டு தரம் மெடிச்சினாச் சோதினையில விழுந்த ஆள் நீங்கள். நானும் விழுந்திடுவன் எண்டு பயமோ, இல்லாட்டி நான் விழமாட்டன் எண்டு பயமோ?” அப்பா சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். தண்ணி எடுக்கப் போன அம்மா திரும்பி வரவேயில்லை. இனி எனக்கு மிளகாய்த்தூள் ஒரு கேடா?

ஏன் பொறு என்றேன் என்பதை இன்னொருமுறை சொல்கிறேன், இந்தமுறை சத்தம் போடாமல். நீ மொழிகள் படிக்கிற லிச்சேயோ உயர்பள்ளியில் படித்தவள். ஐந்து வருடமும் ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு. பௌதிகவியல் உனக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரித்தான் கிடைத்தது. உன் பக்கத்தில் இருக்கப்போகிற பிள்ளைகள் அதைச் சோறாகச் சாப்பிட்டவர்கள். முறையும் புதிது. முதல் வருடம் எந்தப் புதுமுறையும் நொண்டும். மொத்தம் மூன்று தடவைதான் சேரவிடுவார்கள். ஒரு வருடம் வேறு படிப்பில் இருந்துகொண்டு பௌதிகவியலை அடியில் இருந்து கட்டிவிட்டுப் போ என்றேன். இதில் பொறாமை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

நானும் ஒன்று கேட்கிறேன். அந்தக் கதையை நீயே அவிழ்த்துவிட்டாயா? தேறினால் மெடிச்சினா, தேறாவிட்டால் “நான் எப்பவும் ஃபார்மாச்சியாதானே” என்று சொல்லலாம். வசதியான கதை.

என் பழைய புத்தகங்கள் நான்கும் அலுமாரிக்கு மேல், நீலச் சூட்கேசுக்குப் பின்னால் இருக்கின்றன. பௌதிகவியல் புத்தகம் ஒன்றும் தெரியாதவருக்கும் விளங்கும்படி எழுதினது. எடுத்துக்கொள். கேட்கத் தேவையில்லை.

உறையின் வாயை வார்ட் பிளாஸ்ரரால் ஒட்டியிருக்கிறேன். பிரிந்திருந்தால் எழுது. நம் வீட்டில் யாருக்கு எது தெரியும் என்பது எனக்கு ஒருநாளும் விளங்கினதில்லை.

பிரசாந்தினி


பிரான்காச்சோ
18 செப்டெம்பர் 2025

அக்காவுக்கு,

பிளாஸ்ரர் பிரியவில்லை. கத்தரிக்கோல் எடுத்துத்தான் திறந்தேன்.

புத்தகங்கள் அங்கே இல்லை. கதிரை வைத்து ஏறிப் பார்த்தேன். நீலச் சூட்கேசின் பின்னால் எல்லா இடமும் தூசி, நான்கு புத்தகம் இருந்த இடம் மட்டும் சதுரமாகச் சுத்தம். கனகாலத்துக்கு முன்னால் எடுத்திருந்தால் அங்கேயும் தூசி படிந்திருக்கும். அண்மையில்தான் யாரோ எடுத்திருக்கிறார்கள். அண்மையில் வீட்டுக்கு வந்துபோனது நீங்கள்.

நீங்கள் போன அன்று உங்கள் சூட்கேசை அப்பாதான் படியால் இறக்கினார். “என்ன பிள்ளை, கல்லே கொண்டு போறாய்?” என்று கேட்டார். எனக்கு நல்ல ஞாபகம். மிளகாய்த்தூளும் இல்லாமல், கருவாடும் இல்லாமல் அந்தச் சூட்கேஸ் ஏன் அவ்வளவு பாரம்? புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டு, “கேட்கத் தேவையில்லை, எடுத்துக்கொள்” என்று எழுதினால் உங்கள் பெருந்தன்மைக்கும் குறைவு வராது, எனக்கும் ஒன்றும் கிடைக்காது.

அம்மாவிடம் கேட்டேன். “எனக்கென்ன தெரியும்? அவள்தான் எங்கையேன் வைச்சிருப்பாள்” என்றார். அப்பாவிடம் கேட்டேன். மொண்டெல்லோ ரெஸ்ரோறண்டில் இன்னும் கடற்கரைக் கூட்டம் குறையவில்லை, களைத்துப்போய் வந்து, “எனக்குச் சட்டி பானையைத் தவிர ஒண்டும் தெரியாது பிள்ளை” என்று படுத்துவிட்டார்.

புதிது வாங்கலாமே என்பீர்கள். வாங்கினேன். பல்கலைக்கழகப் புத்தகம். எனக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் அது முதல் பக்கத்தையே தொடங்குகிறது. பேராசிரியர் திரையில் எழுதுகிறார், நான் பார்த்து எழுதுகிறேன். எழுதி முடித்த பிறகு அது என்னவென்று எனக்கே தெரிவதில்லை. பக்கத்தில் இருக்கிற பெண் பேனாவையே திறக்கவில்லை. “இதெல்லாம் லிச்சேயோவில் செய்ததுதானே” என்கிறாள்.

நீங்கள் சொன்னது சரி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சரியாக இருந்தால் ஏன் புத்தகத்தை ஒளிக்கவேண்டும்?

கேசிகா


பொலோஞ்ஞா
26 செப்டெம்பர் 2025

கேசி,

சூட்கேசில் இருந்தது என் குளிர்காலக் கோட்டும் இரண்டு சோடிச் சப்பாத்தும். இங்கே நவம்பரில் என்ன குளிர் என்று பலெர்மோவில் பிறந்து வளர்ந்த உனக்குத் தெரியாது. வேண்டுமென்றால் கோட்டைப் படம் எடுத்து அனுப்பட்டுமா? அதிகாரி கேட்டால் காட்டத்தானே வேண்டும்.

தூசியை வைத்துக் களவு பிடிக்கிற மூளை உனக்கு இருக்கிறது. அதைப் பௌதிகவியலுக்கும் கொஞ்சம் கொடு.

இனி நான் கேட்கிறேன். போன சனிக்கிழமை இங்கே ஒரு பிறந்தநாள் விழா. கீர்த்திகன் அண்ணாவின் மனைவி என்னைக் கண்டதும் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, “உங்கடை தங்கச்சி மெடிச்சினாவை விட்டிட்டு ஃபார்மாச்சியாவுக்கு மாறிட்டாவாம், பாவம்” என்றா. அவவுக்குப் பலெர்மோவில் ஆறு சொந்தம். அவ்வளவு தூரம் வந்த செய்தி பொய், நீ எனக்கு எழுதுவது மட்டும் உண்மை என்று நான் எதை வைத்து நம்புவது? மாறிவிட்டாய் என்றால் சொல். நான் சிரிக்கமாட்டேன். ஆனால் மாறிவிட்டு எனக்கு வகுப்பு, பேராசிரியர் என்று கதை எழுதிக்கொண்டிருந்தால் அதை நான் மன்னிக்கமாட்டேன். புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு என் தலையில் போடுகிறாய் என்றாலும் அப்படித்தான்.

அம்மாவிடம் நேரே கேட்டேன். “அவள் படிக்கிறாள்” என்றார். என்ன படிக்கிறாள் என்றேன். “படிப்புத்தான்” என்றார். எந்தப் படிப்பு என்றேன். வேலை வீட்டுச் சிஞ்ஞோரா கூப்பிடுகிறா என்று போனை வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்துகொண்டு, எந்தச் சிஞ்ஞோரா?

பல்கனி விஷயத்தை நானும் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் உன்னைப் பற்றி முடிவெடுக்கிறோம் என்று எழுதியிருந்தாய். அம்மா என்னோடு உன்னைப் பற்றிக் கதைப்பதேயில்லை. சாப்பிட்டியா, குளிருதா, காலில வீக்கம் குறைஞ்சுதா, அவ்வளவுதான். அதற்கு ஏன் கதவைச் சாத்தவேண்டும்?

எனக்கு இப்போது யார்மேல் சந்தேகப்படுவது என்றே தெரியவில்லை. சரஸ்வதி பூசை வருகிறது. அம்மா பொலிதேயாமாவில் வேலை முடிந்து வந்து தனியத்தான் எல்லாம் செய்வார். கூட நின்று உதவி செய். கண்ணையும் திறந்து வைத்துக்கொள்.

பிரசாந்தினி


பிரான்காச்சோ
3 ஒக்டோபர் 2025

அக்கா,

புத்தகங்கள் கிடைத்துவிட்டன. இருந்த இடத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பூசை அன்று அம்மா வேலையால் வரும்போது தோளில் ஒரு பெரிய பை. பூவும் பழமும் ஒரு கையில், மறு கையால் அந்தப் பையை அணைத்துப் பிடித்திருந்தார். நான் வாங்கப் போனால் தரவில்லை. “நீ போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா” என்று அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். பிறகு மேசையில் பட்டு விரித்து, படம் வைத்து, அவல் கடலை வைத்து, “உன்ரை படிப்புச் சாமானையும் வை” என்றார். என் லப்டொப்பையும் வைத்துக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். விஜயதசமி காலை வரை தொடக்கூடாதாம். ஒரு நாள் வகுப்பு போச்சு. இன்றைக்கும் ஒரு விசையில் குங்குமம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நேற்றுக் காலை ஆராத்தி காட்டி முடித்துவிட்டு, பட்டுக்கு அடியில் கையை விட்டு ஒன்று ஒன்றாக வெளியே எடுத்தார். உங்கள் நான்கு புத்தகங்களும். ஒவ்வொன்றிலும் சந்தனம். பௌதிகவியல் புத்தகத்தை என் இரண்டு கையிலும் வைத்து, முதல் பக்கத்தைச் சத்தமாக வாசிக்க வைத்தார். சின்னப் பிள்ளைக்கு ஏடு தொடக்குகிற மாதிரி. நானும் வேகம், தூரம், நேரம் என்று வாசித்தேன். “இனிப் படி. எல்லாம் கழிஞ்சுது” என்றார்.

“எங்கையம்மா இருந்தது இவ்வளவு நாளும்?” என்றேன். பொலிதேயாமாவில் சிஞ்ஞோரா வீட்டில், அம்மா ஏப்ரன் வைக்கிற சின்ன அலுமாரிக்குள் இருந்ததாம். நீங்கள் ரயில் ஏறின கிழமையே கொண்டுபோய் வைத்துவிட்டாராம். செப்டெம்பர் முழுக்க நான் ஒன்றும் விளங்காமல் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோது, எனக்கு வேண்டிய புத்தகம் ஏப்ரனோடு நல்ல நாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

நான் கத்திவிட்டேன். அம்மா கத்தவில்லை. “அது விழுந்த புத்தகம் பிள்ளை. அப்பிடியே உன்ரை கையில தரேலுமே? சரஸ்வதிக்கு முன்னால வைச்செடுத்துத்தான் தரவேணும்” என்றார்.

இதை உங்களுக்கு எழுதாமல் விடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எழுதாவிட்டால் நானும் ஒளிக்கிற கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன்.

ஃபார்மாச்சியாக் கதையும் அம்மாதான். “அக்கா எழுதேக்கை ஊர் முழுக்க நான்தான் சொன்னனான். என்ரை மூத்தவள் டொக்டராகப் போறாள் எண்டு கோயிலில லட்டுக் குடுத்தனான். அவள் கெட்டிக்காரி. சனத்தின்ரை கண் பட்டுத்தான் அவளுக்கு வராமல் போனது. உன்ரையை நான் ஒருத்தருக்கும் சொல்லன். ஃபார்மாச்சியா எண்டால் ஒருத்தரும் கண் வையாயினம்.” இப்படித்தான் சொன்னார், ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

பல்கனியையும் கேட்டேன். “உள்ளை கதைச்சால் நீங்கள் ரீவீ பாத்துச் சிரிக்கிற சத்தம் அவளுக்குக் கேக்கும். அங்கை தனிய இருக்கிற பிள்ளை” என்றார்.

நான் உங்களைக் கள்ளி என்று எழுதினேன். நீங்கள் என்னைப் பொய்க்காரி என்று எழுதினீர்கள். சரிக்குச் சரி என்று விடலாம், ஆனால் தொடங்கியது நான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்ன செய்வது அக்கா? முதல் சோதினைக்கு முன் விலகினால் இந்தத் தடவை கணக்கில் வராது என்று அலுவலகத்தில் ஒருத்தி சொல்கிறாள். வரும் என்று அடுத்த மேசைக்காரி சொல்கிறாள். இரண்டு பேரும் ஒரே கணினியைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

கேசி


பொலோஞ்ஞா
12 ஒக்டோபர் 2025

கேசி,

விழுந்த புத்தகம் என்ற இடத்தை நான் வேலைக்குப் போகிற பஸ்ஸில் வாசித்தேன். இறங்கவேண்டிய தரிப்பில் இறங்க மறந்துபோனேன். வேலைக்குப் பிந்தினது இந்த வருடத்தில் அதுதான் முதல்முறை.

ஆறு வருடமாக அம்மா என்னைப் பார்த்து வெட்கப்படுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். என்னைப் பற்றி வெளியில் கதைப்பதை நிறுத்தினாரே, அது வெட்கத்தால் என்று. இப்போது பார்த்தால் எனக்கு நடந்தது ஒரு விபத்து என்று நினைத்துப் பரிதாபப்பட்டிருக்கிறார். இரண்டில் எது எனக்குப் பரவாயில்லை என்று நானும் நாட்கணக்காக யோசிக்கிறேன். வெட்கப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எனக்கு யாருடைய கண்ணும் படவில்லை. எனக்குப் பாடம் காணாது, படித்தது போதவில்லை. முதல்தரம் காணாது என்று தெரியாமல் போனேன், இரண்டாந்தரம் தெரிந்துகொண்டே போனேன், ஏனென்றால் லட்டுக் கொடுத்தாகிவிட்டது. அந்தத் தோல்வி என்னுடையது, கேசி. அதைப் புஸ்பவதி அன்ரியின் கண்ணுக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை. படித்தது காணாமல் விழுந்தேன் என்றால் அதில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. பிறகு எழும்பி வேறு படிப்புப் படித்து, இன்றைக்கு ஒரு வார்டைத் தனியப் பார்க்கிறேன் என்பதிலும் மரியாதை இருக்கிறது. கண்பட்டு விழுந்தேன் என்றால் நான் ஆர்? தட்டில் இருந்த லட்டா?

அந்த நாளில் இருந்து இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் என்னிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவேயில்லை.

நீ எழுது. விலகாதே. நவம்பரில் போய் அந்த விழுந்த புத்தகத்தைப் படித்தே எழுது. தேறி வந்து அம்மாவுக்குக் காட்டு, சந்தனமும் வேண்டாம், பட்டும் வேண்டாம் என்று.

இந்த ஞாயிறு நான் அம்மாவுக்குப் போன் எடுக்கவில்லை. கேட்டால் வேலை என்று சொல்.

அக்கா


பிரான்காச்சோ
29 ஒக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

ஓகஸ்டில் பொறு என்றீர்கள். ஒக்டோபரில் எழுது என்கிறீர்கள். கோபிக்கவேண்டாம், எனக்கு இரண்டிலும் சந்தேகம்தான். முதல் சொன்னது உங்கள் காயம், பிறகு சொன்னது உங்கள் கோபம். இரண்டிலும் நான் எங்கே நிற்கிறேன் என்று தேடிப் பார்த்தேன், காணவில்லை.

அதனால் உங்களையும் அம்மாவையும் வெளியில் விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை அறையைப் பூட்டிக்கொண்டு எனக்கு நானே சோதினை வைத்தேன். உயிரியல் ஓடியது. இரசாயனவியல் ஓடாவிட்டாலும் நடந்தது. பௌதிகவியலில் பாதிக் கேள்விக்கு அது என்ன கேட்கிறது என்பதே விளங்கவில்லை. உங்கள் புத்தகம் நல்ல புத்தகம், அக்கா. அதைப் படித்தால் எனக்கு வரும் என்று தெரிகிறது. ஆனால் நவம்பருக்குள் வராது. அழுதேன். அழுது முடித்த பிறகு மனம் லேசாக இருந்தது, அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

விலகிவிட்டேன். உயிரியலுக்குப் போகிறேன். அடுத்த வருடம் மறுபடியும் வந்து சேருவேன். இந்தத் தடவை கணக்கில் வருமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. வந்தால் வரட்டும். மிச்சம் இரண்டு இருக்கிறது.

திங்கட்கிழமை சூரன்போர். கோயிலில் கால் வைக்க இடமில்லை. புஸ்பவதி அன்ரி சனத்துக்குள்ளால் நெருக்கிக்கொண்டு வந்து, “ஃபார்மாச்சியா எப்பிடிப் போகுது பிள்ளை?” என்றார். அம்மா என் கையைப் பிடித்து அமத்தினார். எனக்கு உங்கள் லட்டு ஞாபகம் வந்தது.

“நான் ஃபார்மாச்சியா இல்லை அன்ரி. மெடிச்சினாவுக்குச் சேர்ந்தனான். பௌதிகம் காணாது, அதால இந்தமுறை எழுதாமல் விலகீட்டன். வாற வருஷம் எழுதுவன்.”

சுற்றி நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் பிடி தளர்ந்துபோச்சு. அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, “எங்கடை விதுரனும் எஞ்சினியரிங்கை விட்டு ஒரு வருஷமாகுது. நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை” என்றார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டார். இவரின் கண்ணுக்குத்தான் நாங்கள் இவ்வளவு நாளும் பயந்திருக்கிறோம்.

பஸ்ஸில் அம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பி இருந்தார். இறங்கினதும் பேச்சு விழப்போகிறது என்று நான் ஆயத்தமாக இருந்தேன். பிரான்காச்சோவுக்குள் பஸ் திரும்புகிற இடத்தில், வெளியில் பார்த்தபடியே கேட்டார்.

“அக்காவுக்கும் உந்தப் பாடம்தானோ காணாமல் போனது?”

“ஓம் அம்மா. பௌதிகம்தான்.”

“நான் ஒருநாளும் கேக்கேல்லை” என்றார்.

மூன்று ஞாயிறாக நீங்கள் எடுக்கவில்லை. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு பல்கனியில்தான் நிற்கிறார். வேலை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

நான் சொன்ன பதில் சரிதானே அக்கா?

கேசி


பொலோஞ்ஞா
6 நவம்பர் 2025

கேசி,

பிழை.

எனக்குக் காணாமல் போனது இரசாயனவியல். இரண்டு தடவையும் அதுதான். பௌதிகவியலில் இரண்டு தடவையும் எனக்கு நல்ல புள்ளி. அம்மா சந்தனம் பூசி உன் கையில் வைத்த புத்தகம் ஒருநாளும் விழவில்லை. அதுதான் என்னை நிமிர்த்தி வைத்திருந்தது. நீயும் கேட்காமல்தானே பதில் சொல்லியிருக்கிறாய். கண்டபடி கோபம் வந்தது, பிறகு வார்டில் நின்று தனியச் சிரித்தேன். கட்டிலில் இருந்த கிழவர் என்ன சங்கதி என்று கேட்டார். குடும்ப விஷயம் என்றேன்.

நீ விலகினது சரியா பிழையா என்று நான் சொல்லமாட்டேன். வாசித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அது உன்னை நினைத்து வந்ததா, நான் ஓகஸ்டில் சொன்னது நடந்ததே என்று வந்ததா? அதில் எனக்கே என்மேல் சந்தேகம். நீ ஓகஸ்டில் மேசையில் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. பாதி வேண்டுமென்றால் தருகிறேன். நீ விழுவாய் என்றுதான் பயந்தேன். மற்றப் பாதியை வந்து சொல்கிறேன்.

டிசெம்பரில் எட்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. இரசாயனவியலுக்கு வேறு ஆளைப் பிடி. பௌதிகவியலில் எங்கே நிற்கிறாயோ அந்தப் பக்கத்தில் ஒரு அடையாளம் வைத்திரு. மிளகாய்த்தூள் முடிந்து இரண்டு மாதமாகிறது, இங்கே கடையில் வாங்கினது வாயில் வைக்க முடியவில்லை. அதை மட்டும் அம்மாவுக்குச் சொல்.

வாட்ஸ்அப் தடையை எடுத்துவிட்டேன். ஆனால் இரசாயனவியல் என்பதை நீ அம்மாவுக்குச் சொல்லாதே. இந்த ஞாயிறு நான் எடுப்பேன். அம்மா என்னிடமே கேட்கட்டும்.

பல்கனிக்குப் போகவேண்டாம் என்று சொல். உள்ளே இருந்து, லவுட்ஸ்பீக்கரில் போடச் சொல்.

அக்கா